காட்டெருமைக்கு உண்டு, பாறைக்கு இல்லை

நவம்பர் 17

கோயில் திருவிழாக் குலுக்கலில் எனக்கு வேண்டியிருந்தது மூன்றாம் பரிசு. மிக்ஸி. எங்கள் பேக்கரியில் இருக்கிற மிக்ஸி முந்திரி அரைக்கும்போது தெருமுனை வரை அலறுகிறது. மாதாவிடம் தெளிவாகத்தான் கேட்டேன், மூன்றாம் பரிசு போதும் என்று. மாதாவோ தாராள மனசோடு முதல் பரிசையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

முதல் பரிசு, கோல்ஃப் மட்டை ஒரு செட். ஊரைக் காலி செய்து போன எஸ்டேட் மானேஜர் கோயிலுக்கு நன்கொடையாகக் கொடுத்தது. உறைகூடப் பிரிக்கவில்லை. ‘பிலோமினா, முதல் பரிசு’ என்று ஃபாதர் மைக்கில் சொன்னதும் கூட்டமே சிரித்தது. என் அண்ணி ஜெசிந்தா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். மிக்ஸியைத் தட்டிக்கொண்டு போனவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மிக்ஸி இருக்கிறது. வயிறு எரிகிறது.

நவம்பர் 20

மட்டைப் பை, அண்ணியும் நானும் மட்டும் இருக்கிற வீட்டுக் கூடத்து மூலையில் நிற்கிறது, விருந்தாளி மாதிரி. துணி காயப்போட ஒரு மட்டையை எடுக்கலாமா என்று அண்ணி கேட்டாள். கையில் அடிப்பேன் என்றேன்.

ஏழாம் நம்பர் மட்டையைச் சும்மா பிடித்துப் பார்த்தேன். என்ன ஒரு பளபளப்பு. அதில் என் முகம் தெரிந்தது, அதுவும் ஒல்லியாக. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு சாமான் நம்மை ஒல்லியாகக் காட்டினால் அதை யாராவது துணி காயப்போடக் கொடுப்பார்களா? மட்டை ஒவ்வொன்றுக்கும் கம்பளி நூலில் தொப்பி பின்னித் தரச் சொன்னேன். திட்டிக்கொண்டே அண்ணி ஆரம்பித்திருக்கிறாள்.

நவம்பர் 24

மேட்டுக்காடு கோல்ஃப் கிளப்புக்குப் போனேன். பேர்தான் பெரிசு. ஒன்பது குழி, ஒரு தகரக் கூரை, ஒரு டீக் கெட்டில். தற்காலிக உறுப்பினராக யாரும் சேரலாமாம். போட்டிச் செயலாளர் சற்குணம் என்பவர் வந்து பெயர் எழுதிக்கொண்டார். குன்னூர் மலை ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஏழெட்டு வருஷமாகிறது, ஒரே மகள் புனேயில். இதெல்லாம் டீ ஊற்றுகிறவர் சொன்னது, நானாகக் கேட்கவில்லை. சட்டைப் பையில் விதிப் புத்தகம் வைத்திருக்கிறார். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார், சுகராம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

விளையாட்டு எனக்கு நன்றாகத்தான் வந்தது. ரொட்டி மாவு பிசைந்த கை அல்லவா. மூன்றாம் குழியில் என் பந்து போய் ஒரு பாறைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே வைத்து அடித்தால் மட்டை பாறையில்தான் மோதும். யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? காலால் லேசாகப் பந்தைத் தள்ளிவிட்டு, நல்ல புல்லில் வைத்து அடித்தேன். பந்து அருமையாகப் போனது.

சற்குணம் சார் பின்னாலேயே வந்து நின்றார்.

“ரெண்டு அடி சேத்துக்குங்க மேடம்.”

“எதுக்கு?”

“பந்து கெடந்த எடத்துல இருந்து அடிக்கோணும்.”

“மட்டை உடைஞ்சிருமே சார்.”

“உடையட்டுங்க. பந்து மாறக்கூடாது.”

குறைந்த அடியில் முடிக்கிறவர்தான் ஜெயிப்பாராம், இவரோ என் கணக்குக் கார்டில் இரண்டு அடியைச் சேர்த்து எழுதியும் விட்டார். முதல் நாள் வந்த பெண்பிள்ளை என்ற ஈவிரக்கம் கொஞ்சமாவது வேண்டாமா? வழியில்லாமல் கிடந்தால் ஒரு அடி அபராதம் போட்டுக்கொண்டு, பந்தை எடுத்து இரண்டு மட்டை நீளத்துக்குள் போட்டு ஆடலாமாம். சும்மா எடுக்க மட்டும் கூடாதாம். பாறையைப் படைத்தது நானா?

நவம்பர் 25

சற்குணம் ஒரு முசுடு.

டிசம்பர் 1

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் தொப்பியெல்லாம் பின்னி முடித்துவிட்டாள் அண்ணி. அவள் உழைப்பை வீணாக்க மனசு வரவில்லை.

இன்று கேள்விகளோடு போனேன். மட்டை உடைந்தால் சரி, கை உடைந்தால்? அதற்கும் சலுகை கிடையாது, ஒரு அடி கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். சின்னக் கல்? கையால் அப்புறப்படுத்தலாம், ஆனால் பந்து அசைந்தால் ஒரு அடி. மண்ணில் புதைந்த கல்? அது பூமி, பூமியை நகர்த்த முடியாது. இந்த ஒன்றை மட்டும் புத்தகம் பார்க்காமலே சொன்னார்.

தகரக் கூரைக்கு அடியில் ஒரு பலகை இருக்கிறது. நம் மேடு பாறைக்காடு என்பதால், வெட்டி விட்ட புல்லில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கும் வேருக்கும் மட்டும் இலவசமாகப் பந்தை நகர்த்தலாம் என்று எழுதியிருக்கிறது. வெட்டாத புல்லுக்கு அது செல்லாது. ஏன் என்று கேட்டேன். “வெட்டாத புல்லுக்கு நீங்க ஏன் போறீங்க?” என்றார். சிரிக்கிறாரோ என்று பார்த்தேன், இல்லை. மீசை மட்டும் அசைந்தது.

டிசம்பர் 13

கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர்கள் தலைக்கு மேல். பழம் ஊறுகிற வாசனையிலேயே பாதி போதை.

சற்குணம் சார் இன்றும் வர்க்கியும் ஜாம் பன்னும் வாங்கிப் போனார். இந்த வாரத்தில் எத்தனையாவது தடவை என்று அண்ணி எண்ணி வைத்திருக்கிறாள், அவளுக்கு வேறு வேலையில்லை. சுகர் இருக்கிற மனுஷனுக்கு ஜாம் பன் எதற்கு என்று என்னைக் கேட்கிறாள். எனக்கெப்படித் தெரியும்? நல்ல வர்க்கி எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்குகிறார். ஊரில் இத்தனை பேக்கரி இருக்கிறதே என்கிறாள். எங்கள் வர்க்கி மொறுமொறுப்பு வேறெங்கும் வராது என்றேன். அடுக்களைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்டது.

டிசம்பர் 19

ஸ்டேஷன் நாய்களெல்லாம் ஜாம் பன் தின்று கொழுகொழுவென்று ஆகிவிட்டனவாம். அண்ணி கண்டுபிடித்துச் சொன்னாள்.

டிசம்பர் 29

உறைபனி. மேடு முழுக்க மைதா மாவைச் சலித்துக் கொட்டியது போல வெள்ளை. விரலெல்லாம் விறைத்துப்போனது, ஆனாலும் ஒன்பது குழியும் ஆடினேன். புது ஸ்வெட்டர் போட்டிருந்தேன், பீட்ரூட் நிறத்தில். பழையதில் எண்ணெய்க் கறை. காரணம் அவ்வளவுதான்.

ஸ்வெட்டர் நல்லாயிருக்கு என்று சார் சொல்லவில்லை. பனியில் பந்து தெரியாவிட்டாலும் நீங்க தெரிவீங்க என்றார். மனுஷனுக்குப் பாராட்டக்கூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

ஜனவரி 5

கிளப்பில் ஜோடிப் போட்டி நடக்கப் போகிறது. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஒரே பந்தை மாறி மாறி அடிக்க வேண்டும். ஜெயிக்கிற ஜோடி மே மாதம் கொடைக்கானலில் நம் கிளப் சார்பாக ஆடப் போகும். சேர்ந்து ஆடலாமா என்று சார் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ‘சரி’ என்று வந்துவிட்டது.

அப்புறம் பந்தைத் துடைத்துக்கொண்டே, பிப்ரவரி இருபதாம் தேதி புனேக்குப் போகிறேன் என்றார். மகள் டிக்கெட் எடுத்துவிட்டாளாம். இனிமேல் அங்கேயேதானாம். போட்டியில் ஜெயித்தால் மட்டும் மே வரை இருந்துவிட்டுப் போவாராம், கிளப்புக்காக.

ரொம்ப நல்லது சார் என்றேன். வயசான காலத்தில் மகளோடு இருப்பதுதான் முறை என்றும் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

சாயங்காலம் ஒரு தட்டு பன் கருகிப்போனது.

ஜனவரி 6

பன் கருகியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுப்பு சரியில்லை. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 7

ஆள் வந்து பார்த்தான். அடுப்பு நன்றாகத்தான் இருக்கிறதாம். இவனுக்கெல்லாம் யார் வேலை கற்றுக் கொடுத்தது?

ஜனவரி 19

இன்றைய கூத்தை எழுதியே ஆக வேண்டும்.

பயிற்சி ஆட்டம். ஐந்தாம் குழியில் சார் அடித்த பந்து தைல மர ஓரமாக உருண்டு போனது. அடுத்த அடி என்னுடையது. போய்ப் பார்த்தால் பந்துக்கு மேலே ஒரு காட்டெருமை நிற்கிறது. ஆம்பளைக் காட்டெருமை, எங்கள் பேக்கரி அளவு. பந்து அதன் நாலு காலுக்கும் நடுவே. நான் சார் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மனுஷர் ஓடுவாரா, கத்துவாரா என்று பார்த்தால், பையில் இருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கம் புரட்டுகிறார். எருமை அவரைப் பார்க்கிறது. அவர் புத்தகத்தைப் பார்க்கிறார்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். ஆபத்தான மிருகம் பக்கத்தில் இருந்தால் அபராதமே இல்லாமல் தள்ளிப் போய் வேறு பந்து போட்டுக்கொள்ளலாமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எருமைக்குச் சலுகை உண்டு, பாறைக்கு மட்டும் கிடையாதா, இது எந்த ஊர் நியாயம் என்று அந்த இடத்திலேயே கேட்டேன்.

“உயிருக்கு ஆபத்துன்னா விதி விட்டுக் குடுக்கும். சாமானுக்கு ஆபத்துன்னா விட்டுக் குடுக்காது. அதுக்கு நாமதான் வெல குடுக்கோணும்” என்றார் மெதுவாக, எருமைக்குக் கேட்காதபடி.

அப்போதுதான் கவனித்தேன், நான் அவர் ஸ்வெட்டரைப் பின்னால் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எருமை போன பிறகும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச தூரம் நடந்துவிட்டோம். டீ ஊற்றுகிறவர் எதிரே வந்ததும் விட்டேன்.

பிப்ரவரி 2

அரையிறுதியில் ஜெயித்தோம்! நான் ஒரு பந்தை ஓடைக்கு மேலே தூக்கி அடித்தேன் பாருங்கள், எதிர் ஜோடியே கை தட்டினார்கள். ஏழாம் நம்பர் மட்டையைத் துடைத்து, தொப்பி போட்டு, முத்தம் கொடுத்தேன். இன்னும் ஒரு கீறல்கூட இல்லை அதில்.

வருகிற ஞாயிறு இறுதிப் போட்டி, பல் டாக்டர் தம்பதியோடு. கொடைக்கானலை நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் ஜெயிக்க ஆசையாக இருக்கிறது.

பிப்ரவரி 9

தோற்றுப்போனோம். எப்படி என்று வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் தூக்கம் வராது.

கடைசிக் குழி வரை சமன். அங்கே ஜெயிக்கிறவருக்குக் கோப்பை. முதல் அடி நான், நேராக நடுப் புல்லில் போட்டேன். இரண்டாவது சார். அவர் கை இன்று காலையிலிருந்தே சரியில்லை. பந்து வலது பக்கம் சீவிக்கொண்டு வெட்டாத புல்லுக்குப் போனது. தேடிப் பார்த்தால், ஒரு மரவேருக்கும் புதைந்த பாறைக்கும் நடுவில், முட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பலகையில் எழுதிய சலுகை அங்கே செல்லாது. கல்லை அசைத்துப் பார்த்தேன். அது பூமி.

டாக்டர் ஜோடி மூன்று அடியில் குழிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள். நாங்கள் அபராதம் கொடுத்துப் பந்தை வெளியே எடுத்தால் கணக்கே போட வேண்டாம், கோப்பை அவர்களுக்குத்தான். அடிக்க வேண்டியது நான். அந்தத் தூரத்துக்கு ஏழாம் நம்பரைத்தான் எடுக்க வேண்டும். சார் மட்டையை வாங்கி அடிக்கலாம் என்றால், இரண்டு பையும் சேர்த்துப் பதினாலு மட்டைக்கு மேல் இருக்கிறது, ஒருவர் மட்டையை இன்னொருவர் தொடக்கூடாது. எங்கேயாவது ஒரு காட்டெருமை தெரிகிறதா என்றுகூடத் தேடினேன். தேவைப்படும்போது ஒன்றும் வராது.

சார் பக்கத்தில் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“பிலோமினா, வேண்டாங்க. ஒரு அடி குடுத்துட்டு வெளிய எடுத்துக்கலாம்.”

“குடுத்தா தோத்துருவோம் சார்.”

“தோத்தா தோக்கறோம். அந்த மட்டைய நீங்க எப்படி வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.”

இந்த மூன்று மாதத்தில் அவர் மேடம் என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. விதியில் ஒரு அடியைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷர், என் மட்டைக்காகக் கொடைக்கானலையே விட்டுக்கொடுக்கிறார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது. தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். மாதாவே என்று சொல்லிவிட்டு, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அடித்தேன்.

வந்த சத்தத்தில் மரத்தில் இருந்த காக்காயெல்லாம் பறந்தது. கையெல்லாம் விண்ணென்று தெறித்தது. பந்து வெளியே வந்தது, நிஜமாகவே வந்தது, எகிறிக் குதித்து உருண்டு குழிக்கு நாலடி தள்ளி நின்றது. அதற்கு முன்னாலேயே இன்னொன்று அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஏழாம் நம்பரின் தலை. டாக்டரம்மா காலடியில் போய் விழுந்து கிடந்தது. அவர் பயந்துபோய்ப் புருஷனைப் பிடித்துக்கொண்டார். என் கையில் வெறும் கம்பி.

ஆனாலும் அந்த அம்மா கெட்டிக்காரி, நடுங்கிக்கொண்டே தன் பந்தைக் குழிக்குள் தள்ளிவிட்டார். சார் தட்டுகிற தட்டு விழுந்தால் சமன், ஆட்டம் நீளும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பந்து போனது, குழியின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றியது, வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். சார் என் கையில் இருந்த கம்பியைப் பார்த்தார், புல்லில் கிடந்த தலையைப் பார்த்தார், தன் கையில் இருந்த கம்பளித் தொப்பியைப் பார்த்தார். பிறகு புல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணீர் வழிய வழிய, மூச்சு வாங்க வாங்க. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் பற்றிக்கொண்டது. கோப்பை வாங்கியவர்கள் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போகும்போது கம்பியையும் வாங்கிக்கொண்டு, மட்டையின் தலையைத் தன் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 10

இருபதாம் தேதி அவர் போகிறார். மே வரைக்கும் என்று பிடித்து வைத்திருந்த சாக்கும் போய்விட்டது.

எழுதிவிடுகிறேன், இது என் நோட்டுதானே. எனக்குக் கொடைக்கானல் வேண்டாம். அவர் போகக்கூடாது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 12

சார் பேக்கரிக்கு வந்தார். வர்க்கி வாங்கவில்லை. மட்டையை அந்தோணியின் வெல்டிங் பட்டறையில் கொடுத்திருக்கிறாராம். நான் வேண்டாம் என்றதற்கு நிமிர்ந்து நின்று, ரயில்வேக் குரலில் சொன்னார்: “பந்த அங்க போட்டது நான். உடைஞ்சதுக்குப் பொறுப்பும் நான். அதைச் சரி பண்ணி உங்க கையில குடுக்காம நான் ரயில் ஏற மாட்டேன்.”

எப்போது கிடைக்கும் என்று கேட்டேன், ரொம்பச் சாதாரணமாக, சில்லறை எண்ணுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு. பதினெட்டாம் தேதி என்றார். பாழாய்ப்போன அந்தோணி, என் கேக் ட்ரேயை ஒட்டித்தர இரண்டு மாதம் இழுத்தவன், இப்போது மட்டும் என்ன சுறுசுறுப்பு?

பிப்ரவரி 15

நேற்று ராத்திரி ஒரு பிளம் கேக் செய்தேன். நல்ல முந்திரி, நல்ல நெய், கை கூசாமல் போட்டேன். காலையில் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நாலு வார்த்தை பொதுவாகப் பேசிவிட்டு, அந்தக் கோல்ஃப் மட்டை ஒன்றும் அவசரமில்லை, நல்ல வேலையாக, நிதானமாகச் செய்தால் போதும், ஈஸ்டர் கழித்துக்கூடக் கொடுக்கலாம் என்றேன்.

அந்தோணி கேக்கைப் பார்த்தான். பிறகு பெஞ்சுக்கு அடியில் இருந்து ஒரு பெட்டியை இழுத்துக் காட்டினான். அதற்குள் எங்கள் பேக்கரி வர்க்கிப் பொட்டலங்கள், மூன்றோ நாலோ.

“கார்டு சார் தெனமும் வந்து குடுத்துட்டுப் போறாருங்க்கா. மெதுவா செய்யி, மெதுவா செய்யின்னு. வேலை அன்னைக்கே முடிஞ்சிருச்சு. நீங்க ரெண்டு பேரும் கலந்து பேசி ஒரு தேதி சொல்லுங்க, அன்னைக்குக் குடுத்தர்றேன்.”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கேக்கை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். கால் பேக்கரிப் பக்கம் திரும்பவில்லை, மேட்டுக்காட்டுக்குப் போனது. மேடேறும்போது நடுவழியில் தனியாகச் சிரித்தேன், ஒரு பஸ்ஸே பார்த்தது.

சார் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து பந்து துடைத்துக்கொண்டிருந்தார். பட்டறைக்கு எதற்குத் தினமும் போனீர்கள் என்று கேட்டேன். பழக்கதோஷத்தில் அவர் கை சட்டைப் பைக்குப் போனது. விதிப் புத்தகத்தை எடுத்தார், ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார், மூடிவிட்டார்.

“இதுக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க” என்றார்.

“போகாதீங்க” என்றேன்.

“சரிங்க” என்றார்.

இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு மட்டை உடைய வேண்டியிருந்தது.

பிப்ரவரி 20

புனே டிக்கெட்டை ரத்து செய்தாகிவிட்டது. மகளிடம் அவர் போனில் விஷயத்தைச் சொன்னபோது பக்கத்தில் இருந்தேன். அந்தப் பெண் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, அப்பா, உங்களை விதிப்படி நடத்த ஒருத்தர் கிடைத்துவிட்டாரா என்று கேட்டாள். நேரில் பார்க்க வருகிறாளாம். அண்ணி இப்போதே சாருக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாள், பீட்ரூட் நிறத்தில், என்னைக் கேட்காமலே.

இன்று காலை ஒன்பது குழி ஆடினோம். மூன்றாம் குழியில் என் பந்து மறுபடியும் அதே பாறைக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பந்தை எடுக்கட்டுமா என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், பிறகு கார்டை எடுத்து ஒரு அடி சேர்த்து எழுதினார். முசுடு.

ஏழாம் நம்பர் இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. அதற்கு இப்போது அவசரமில்லை.